முதலில் தண்ணீரை வளர்

அன்புள்ள யாழினிக்கு,

நெருப்பு வயிற்றுத் தேரை இரண்டு வாங்கி வளர்க்கலாமா, அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். வேண்டிய பொருட்களின் பட்டியலைக் கடைக்காரரே தந்துவிடுவார். அந்தப் பட்டியலில் வராத ஒன்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நாயின் உடம்பு அதன் தோலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இருப்பது வீடு, முற்றம், தெரு. தேரைக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுற்றியுள்ள தண்ணீரும் காற்றும் சூடும் அதன் தோல் வழியே உள்ளே போய் வந்தபடி இருக்கின்றன. ஆகவே தேரையைப் பேணுவது என்றால் அது கிடக்கும் இடத்தைப் பேணுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் தண்ணீரைப் பேணுவது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் நீயே ஊகித்துவிடுவாய். எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள். கடைகளில் பெரும்பாலும் விற்பது பொம்பினா ஓரியன்ராலிஸ் என்ற இனம். கொரியக் குடாநாடும் வடகிழக்குச் சீனாவும் ரஷ்யாவின் தூரகிழக்கு ஓரமும் அதன் சொந்த ஊர். வளர்ந்த தேரை 4 முதல் 5 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். முதுகு பச்சையில் கறுப்புத் திட்டுகள். வயிறு செம்மஞ்சளிலோ சிவப்பிலோ கறுப்புக் கோலம். மெல்ல ஓடும் ஓடை, குட்டை, நெல்வயல், மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் என்று எங்கும் வாழும். பகலில் நடமாடும், இலையுதிர்காலம் முடியும்போது மறைவிடம் தேடிப் படுத்து, வசந்தத்தில்தான் எழும்பும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டில் 10, 15 ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். 12 வயதில் நீ வாங்கும் தேரை உன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பையும் தாண்டி இருக்கக்கூடும். விலை குறைவு என்பதால் பொறுப்பும் குறைவு என்று எண்ணிவிடாதே.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தேரை கெட்டால் தோலால்தான் கெடும். தேரைகள் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பக்கத்தையும் தொடையையும் ஈரத்தில் பதித்து, தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. அப்படியானால் தண்ணீரில் கரைந்திருப்பது எதுவோ, அது தேரையிலும் கரைந்திருக்கும். நீ இருக்கும் ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீரைக் கிருமி அண்டாமல் வைத்திருப்பது குளோரமீன். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று சிலர் சொல்லுவார்கள். குளோரினைப் பொறுத்தவரை அது சரி. குளோரமீன் அவ்வளவு இலேசில் போகாது. மீன்தொட்டிக்காரர் பயன்படுத்தும், குளோரமீனையும் முறிக்கும் திரவத்தைக் கலந்த பிறகே தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். வெளியிலிருந்து வரும் நஞ்சு இது. உள்ளே பிறக்கும் நஞ்சு இன்னொன்று: தேரையின் கழிவிலிருந்து வரும் அமோனியா. குளத்தில் அது கலைந்துபோகும், சின்னத் தொட்டியில் போக இடமில்லை. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் ஒருவகைப் பக்ரீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும், வேறொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்று ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் பெருகிவர நாலிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். அதனால்தான் புதுத் தொட்டி பார்வைக்குக் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தும் ஆபத்தானது. பழைய தொட்டியிலும் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்தக் கூட்டத்தையே கொன்றுவிடுவாய். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மெல்லப் பிழிந்தால் போதும். கிழமைக்கு ஒருமுறை கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று. முழுவதையும் ஒரே நாளில் மாற்றாதே.

இங்கே நீ ஒரு மறுப்பைச் சொல்லலாம். இது உறுதியான பிராணி, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? வயலிலும் சேற்றுக் குட்டையிலும் பிழைக்கிற உயிருக்குச் சுத்திகரித்த தண்ணீர் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் சேறு வேறு, நஞ்சு வேறு. வயற்குட்டை கலங்கியிருந்தாலும் அதன் அடியில் மண் இருக்கிறது, மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன, மேலே மழை விழுகிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, குட்டை பிடிக்காவிட்டால் தேரை எழும்பிப் போய்விடலாம். கண்ணாடிக்குள் அதற்குப் போக வேறு இடம் இல்லை. உறுதியான பிராணி என்ற பெயர் பல வேளைகளில் தேரைக்குக் கேடாகவே முடிகிறது. மென்மையான உயிர் பிழையைச் சட்டென்று காட்டிவிடும். தாங்கும் உயிரோ வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, நாம் கவனிக்கும்போது மீள முடியாத நிலைக்கு வந்திருக்கும். எனவே அதன் உறுதியை நம்பி நாம் அசட்டையாக இருக்கக்கூடாது.

தண்ணீருக்குச் சொன்னது சூட்டுக்கும் பொருந்தும். தேரை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. அறை என்ன சூடோ அதுதான் அதன் சூடு. 18 முதல் 24 பாகை செல்சியசுக்குள் இருந்தால் அது நலமாக இருக்கும். 28ஐத் தாண்டித் தொடர்ந்து போனால் வாடிவிடும். கடையில் பல்லிகளுக்காக விற்கும் சூட்டு விளக்கு இதற்குத் தேவையில்லை. வெயில் விழும் யன்னலோரத்தில் தொட்டியை வைத்தால் ஒரு மத்தியானத்திலேயே அது அடுப்பாகிவிடும். உங்கள் வீட்டு நிலக்கீழ் அறை நல்ல இடம். இதே காரணத்தால், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளை ஒருவர் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுவேன். அங்கே ஆண்டில் பெரும்பகுதி குளிரூட்டியை இரவு பகலாக ஓடவிட்டால்தான் இந்தத் தேரை தாங்கும். தொட்டியைப் பொறுத்தவரை இரண்டு தேரைகளுக்கு 40 லீற்றர் அளவாவது வேண்டும். பெரிதானால் இன்னும் நல்லது, ஏனெனில் தண்ணீர் கூடக்கூட நஞ்சு சேர்வது மெதுவாகும். பாதி தண்ணீர், பாதி தரை. இரண்டுக்கும் இடையே ஏறிவரச் சரிவு. அடியில் சின்னக் கூழாங்கற்களைப் போடாதே, இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். விழுங்க முடியாத பெரிய கற்கள் நல்லவை. ஒளிந்துகொள்ள இடமும், காற்றுப் போகும் இறுக்கமான மூடியும் கட்டாயம். ஈரக் கண்ணாடியில் இது ஒட்டிக்கொண்டு ஏறிவிடும்.

தோலைத் தாண்டி உள்ளே போகும் இன்னொரு வழி இரை. மற்றத் தவளைகள் போல இதனால் நாக்கை வெளியே எறிய முடியாது. அதன் நாக்கு வட்டத் தட்டுப்போல வாயின் அடியோடு ஒட்டியிருக்கும். பாய்ந்து வாயாலேயே கவ்வ வேண்டும். அசையும் பொருளைத்தான் இரை என்று அறியும். ஆகவே உயிருள்ள சில்லூறு, மண்புழு போன்றவை வேண்டும். அதன் இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதே. வளர்ந்த தேரைக்குக் கிழமையில் இரண்டு மூன்று தடவை போதும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கொழுத்து நோயாகும். சில்லூறில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. அதனால் கல்சியமும் விற்றமின் டி3யும் கலந்த மாவைப் பூச்சிமேல் தூவிக் கொடுக்காவிட்டால் தேரையின் எலும்பு மெலிந்து வளையும். அந்த நெருப்பு நிறமும் பெரும்பங்கு இரையிலிருந்து வருவதுதான். கரட்டைச் செம்மஞ்சளாக்கும் கரோட்டினோயிட்டுகளைத் தேரையால் தானாக உண்டாக்க முடியாது. அவற்றைத் தின்ற பூச்சிகளைத் தின்றே பெறுகிறது. தொட்டிகளில் வளர்ந்த பல தேரைகளின் வயிறு வெளிறிய மஞ்சளாக இருப்பது இதனால்தான். சில்லூறுக்குக் கரட்டும் கீரையும் போட்டு வளர்த்தால், அந்த நிறம் சில்லூறு வழியாகத் தேரைக்குப் போய்ச் சேரும். தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடாதே. பக்கத்து வீட்டுக்காரர் தெளித்த மருந்தும் அதே வழியால் வரும்.

கையில் எடுக்க முடியாத பிராணி எதற்கு என்று உன் தம்பி கேட்பான். எடுக்க முடியாமல் இல்லை, எடுக்காமல் இருப்பதுதான் நல்லது. நம் கையில் உப்பு இருக்கிறது, சவர்க்காரம் இருக்கிறது, பூசிய கிரீம் இருக்கிறது. ஈரத் தோலுக்கு இவை எல்லாம் கேடு. மறுபக்கமாகவும் அதே கதைதான். அச்சம் வந்தால் இந்தத் தேரை முதுகை வில்லாக வளைத்து, கைகால்களைத் தூக்கி, அடிப்பக்கத்துச் சிவப்பைக் காட்டும். நான் நஞ்சுள்ளவன், தொடாதே என்று அதற்குப் பொருள். பொய் மிரட்டல் அல்ல. தோலில் சுரக்கும் அந்தப் பால் கண்ணிலோ மூக்கிலோ பட்டால் எரியும். 1970களின் தொடக்கத்தில் இத்தாலிய மருந்தியலாளர் விற்றோரியோ எர்ஸ்பாமரும் அவரது குழுவினரும் இதன் ஐரோப்பிய உறவினத்தின் தோலிலிருந்து பொம்பெசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதையொத்த பொருள்கள் மனிதக் குடலிலும் வேலை செய்வது பின்னர் தெரியவந்தது. ஒரு சின்னத் தேரையின் தோல் அத்தனை வேலைகள் நடக்கும் பட்டறை. எனவே மீனையோ வேறு தவளையையோ கூடப் போடாதே. இதன் நஞ்சு பொதுத் தண்ணீரில் கலந்து அவற்றைக் கொல்லலாம். தொட்டிக்குள் கை வைக்க நேர்ந்தால் முன்னும் பின்னும் கையை நன்றாகக் கழுவு, முடிந்தால் நனைத்த கையுறை போட்டுக்கொள். மற்றபடி உட்கார்ந்து பார். பகலில் விழித்திருந்து, பாய்ந்து இரை பிடித்து, மெல்லிய குரலில் கூவும் உயிர் அது. தொட்டால்தான் உறவு என்பது நம் ஆசை. அந்த ஆசை தேரைக்கு இல்லை.

தொட்டியின் தண்ணீர் தொட்டியோடு நின்றுவிடுவதும் இல்லை. தவளைகளின் தோலைத் தாக்கும் கைற்றிட் பூஞ்சையை ஆய்வாளர்கள் இனங்கண்டது 1998இல். அது தோலின் வழியே உப்புகள் போய்வரும் ஒழுங்கைக் கெடுத்து, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடுகிறது. குறைந்தது 501 இனங்கள் இதனால் நலிந்தன, அவற்றில் 90 அழிந்திருக்கக்கூடும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, இந்தப் பூஞ்சையின் மூலத்தைக் கிழக்காசியாவில், குறிப்பாகக் கொரியக் குடாநாட்டில் கண்டு, உயிருள்ள தவளைகளின் வாணிபம் அதைப் பரப்பியதாகச் சுட்டியது. உன் தேரையின் சொந்த ஊரும் அதுதானே. அங்குள்ள இனங்கள் பல அந்தப் பூஞ்சையோடு வாழப் பழகியவை. வேற்றூர்த் தவளைகள் பழகாதவை. ஆகவே காட்டில் பிடித்ததை வாங்காமல், வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு வாங்கு. அலுத்துப்போனால் உங்கள் ஊர் ஓடையான ஹைலண்ட் கிறீக்கில் விட்டுவிடலாம், அதற்கு அது விடுதலைதானே என்று யாராவது சொன்னால் நம்பாதே. கனடாக் குளிர் அதைக் கொன்றுவிடும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, கடுங்குளிரில் உறங்கி எழும்பிப் பழகிய இனம் அது. விடுதலை என்ற பெயரில் ஓடையின் தவளைகளுக்கு நீ நோயை அனுப்பக்கூடும். தொட்டிக் கழிவுநீரையும் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்று.

இவ்வளவும் படித்த பிறகு, இப்படி வருத்தி வளர்ப்பதைவிட வளர்க்காமலே விடுவது நல்லதல்லவா என்று உனக்குத் தோன்றலாம். அதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை. கண்ணாடித் தொட்டி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஓடையாகாது. ஆனால் வளர்ப்பில் பிறந்த தேரைகள் கடைகளில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் இரண்டை முறையாகப் பேணுவது தவறாகாது, முறையின்றிப் பேணுவதே தவறு. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளப்பார் என்று நம் ஊரில் சொல்லுவார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் தேரைக்கு அந்தப் படி உன் கையில்தான் இருக்கிறது. அளக்க உன்னால் முடியுமா என்று பார்க்க வழி உண்டு. தொட்டியையும் வடிகட்டியையும் மட்டும் இப்போது வாங்கு. தண்ணீர் ஊற்று, செடி நடு, அழுகி அமோனியா தரட்டும் என்று இரண்டு நாளைக்கொரு தடவை மீன் உணவில் ஒரு சிட்டிகை போடு. அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கும் சோதனைப் பெட்டியால் கிழமைக்கு இரண்டு தடவை அளந்து கொப்பியில் குறித்து வை. முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்து அங்கேயே நிற்க ஆறு வாரம் போலச் செல்லும். தேரையே இல்லாத அந்தத் தொட்டியை அத்தனை நாளும் அலுக்காமல் பார்த்திருந்தாய் என்றால், அந்தக் கொப்பியை அம்மாவிடம் காட்டு. பிறகு இருவருமாகக் கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
சித்தப்பா