தண்ணீரும் உடல் எடையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வளர்ந்த மனிதனின் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 60 கிலோ எடையுள்ள ஆண்மகனிடம் ஏறக்குறைய 36 லிட்டர் நீர் இருக்கிறது. ஆகவே தராசு காட்டும் எடையில் பெரும்பங்கு நீரின் எடையே. ஒரு லிட்டர் நீர் குடித்துவிட்டு ஏறி நின்றால் ஒரு கிலோ கூடும். வியர்வையாகவும் சிறுநீராகவும் அது வெளியேறியதும் குறையும். இதில் கொழுத்ததும் இல்லை, இளைத்ததும் இல்லை.

குத்துச்சண்டைக்குப் பேர்போன நம் வடசென்னையில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராயபுரத்தில் பயிற்சிக்குப் போகும் என் நண்பன், எடை பார்ப்பதற்கு முந்தைய மாலையில் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவானே தவிர விழுங்க மாட்டான். தராசை விட்டு இறங்கியதும் சொம்பு சொம்பாகக் குடிப்பான். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் ஆகஸ்ட் 6 அன்று மூன்று போட்டிகளில் வென்றார். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்று விலக்கப்பட்டார். இரவெல்லாம் வியர்வை சிந்தியும், தலைமுடியை வெட்டியும் அந்த 100 கிராம் போகவில்லை. டீக்கடைக் கிளாஸ் ஒன்றில் அடங்கும் நீரின் எடை அது!

சரி, நிறையத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையுமா? நம் ஆய்வகக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி வேண்டும். 7 டிகிரியில் உள்ள 2 லிட்டர் குளிர்நீரை உடல் 37 டிகிரிக்குக் கொண்டுவர 60,000 கலோரி, அதாவது 60 கிலோகலோரி செலவாகும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. நாள் முழுதும் பல் கூசக் குடித்தாலும் ஏழு கிராமுக்கு மேல் கரையாது. அரை லிட்டர் நீர் உடலின் ஆற்றல் செலவை 30 விழுக்காடு உயர்த்துகிறது என்று 2003இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு சொன்னது உண்மைதான். 2006இல் சுவிட்சர்லாந்தில் அதைச் சோதித்தபோது அவ்வளவு உயர்வு கிட்டவில்லை.

ஆனால் தண்ணீர் பயனற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உணவைக் குறைத்துக்கொண்ட நடுவயதினரும் முதியோரும் இரு பிரிவாக்கப்பட்டனர். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் நீர் குடித்தவர்கள், 12 வாரங்களில் மற்றவர்களைவிடச் சுமார் 2 கிலோ அதிகமாக இளைத்தனர். காரணத்தில் வியப்பொன்றும் இல்லை. வயிற்றில் நீர் இருந்ததால் தட்டில் எடுத்துக்கொண்டது குறைந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் தெருவில் எழும் ஐயங்களெல்லாம் என்னிடம்தான் வரும். "ஏம்பா, நீ சைன்ஸுதானே படிக்கிற? தெனம் அஞ்சு லிட்டர் தண்ணி குடிச்சா ஒடம்பு எளைக்குமாமே, மெய்யா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மருத்துவர் குடிக்கும் நீரை அளந்து கொடுத்திருக்கிறார். "அத்தை, உங்களுக்கு ஏறியிருக்கிற எடையே வெளியே போகாத தண்ணிதான். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீங்க" என்றேன். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், இதய நோயாளிகள் சிலருக்கும், கேள்விப்பட்டதை நம்பிக் குடிக்கும் நீர் நுரையீரலில் தேங்கி உயிருக்கே கேடாகும். நல்ல உடம்புக்கும் எல்லை உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுமீறிக் குடித்து எடை கூடியவர்களே அவர்களில் மிகுதி.

ஐந்து லிட்டர் என்று யாரோ எளிதாகச் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஒரு கேனுக்கும் மேல், குடிக்க மட்டும்! 2019 கோடையில் செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற தெரு எங்களுடையது.

என் கருத்தில், நம் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தண்ணீர் என்பதன்று. எதற்குப் பதிலாகத் தண்ணீர் என்பதே. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் அண்ணன் கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் பார்க்கிறார். தூக்கம் வராதிருக்க நான்கு டீ, நடுவே ஒரு குளிர்பானம். டீக்கு இரண்டு கரண்டி என்றால் 10 கிராம் சர்க்கரை, 40 கிலோகலோரி, நான்குக்கு 160. குளிர்பானத்தில் 30 கிராம் சர்க்கரை என்று வைத்தால் 120. மொத்தம் 280. முன்னே போட்ட 2 லிட்டர் குளிர்நீர்க் கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அண்ணனிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். இப்போது வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போகிறார். குளிர்பானம் நின்றுவிட்டது, டீயைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.