சுஷி வந்த வழி

சனிக்கிழமை மாலை. ஸ்கூடாய், முத்தியாரா ரினி குடியிருப்பில் உள்ள ஒரு வீட்டில் சிறு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. படிவம் மூன்றில் பயிலும் மகள், “இன்று சுஷி சாப்பிடப் போகலாம்” என்று கேட்டாள். திங்கள்கிழமை பள்ளியில் அவள் உணவு வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும். சுஷியைத்தான் தலைப்பாக எடுத்திருந்தாள். வாரம் முழுவதும் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வரும் அப்பா, விடுமுறை நாளில் வெளியே போகலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். தாத்தா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“பச்சை மீனைச் சோற்றில் சுருட்டித் தருவார்கள். அதற்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா? உன் அம்மா வைத்த மீன் குழம்பு எனக்குப் போதும்” என்றார்.

“எல்லாச் சுஷியிலும் பச்சை மீன் இருக்காது, தாத்தா. வெள்ளரிக்காய் மட்டும் வைத்ததுகூட உண்டு. வந்து பாருங்களேன்” என்று பேத்தி கெஞ்சினாள்.

பேத்தியின் முகம் வாடக் கூடாது என்பதற்காகவே தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் கண்டவை

மகிழுந்து குடியிருப்பைக் கடந்து சென்றபோது, ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை தெரிந்தது. பேத்தி ஆறு ஆண்டுகள் படித்த பள்ளி அது. தாத்தா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேத்தியோ கைப்பேசியில் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சற்றுத் தொலைவில் ஒரு வழிகாட்டிப் பலகையில் ‘கங்கார் பூலாய்’ என்று எழுதியிருந்தது. “கங்கார் என்றால் என்ன அப்பா?” என்று பேத்தி கேட்டாள். அப்பா தாம் அறிந்ததைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர் ஆட்சியாளர்கள், ஆற்றோரக் காடுகளைத் திருத்திக் காம்பிர், மிளகு ஆகியவற்றைப் பயிரிடச் சீனர்களுக்கு அனுமதி வழங்கினார்கள். தோல் பதனிடுவதற்கும் வெற்றிலையோடு மெல்லுவதற்கும் காம்பிர் பயன்பட்டது. பயிரிட்டவர்களின் தலைவர் ‘கங்சூ’ எனப்பட்டார். அவர்களது ஆற்றங்கரைக் குடியேற்றம் ‘கங்கார்’ எனப்பட்டது. 1917-ஆம் ஆண்டு சட்டத்தின்வழி அந்த முறை ஒழிக்கப்பட்டது. முறை போய்விட்டாலும், பெயர் சாலைப் பலகையில் இன்னும் நிற்கிறது.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம் ஸ்கூடாயில்தான் இருக்கிறது. அதனால் மாலை வேளையில் இங்குள்ள கடைவரிசைகளில் மாணவர் கூட்டத்திற்குக் குறைவில்லை. தாமான் உங்கு துன் அமினாவை அடைந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒரு பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அடுத்து மாமாக் உணவகம். எதிரே சாத்தே சுடும் புகை. இரண்டு கடை தள்ளிச் சீனர்களின் மீ கடை. இவற்றுக்கு நடுவே, வாசலில் நீலத் துணித்திரை தொங்கிய கடைதான் சுஷி உணவகம். வேறொரு நாட்டின் உணவு, இந்தத் தெருவில் தனக்கும் ஓர் இடம் பிடித்திருந்தது.

சுழலும் தட்டுகள்

உள்ளே நுழைந்ததும் தாத்தா வியப்புடன் நின்றார். சிறு தட்டுகள் ஒரு நீண்ட பட்டையின் மீது வரிசையாக நகர்ந்து சென்றன. உட்கார்ந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

“இது 1958-இல் ஒசாக்கா பகுதியில் தொடங்கியது, தாத்தா. ஷிராயிஷி யோஷியாக்கி என்பவர் சிறிய சுஷி கடை வைத்திருந்தார். பரிமாற ஆள் போதவில்லை. ஒரு பீர் தொழிற்சாலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்தார். சுஷியையும் அப்படி அனுப்பினால் என்ன என்று நினைத்தார்” என்றாள் பேத்தி.

“ஆள் பற்றாக்குறை எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது” என்று தாத்தா சிரித்தார்.

உணவுப் பட்டியலில் இருந்த படங்கள் அவரை இன்னும் வியக்க வைத்தன. பொரித்த இறால் சுருளின் மேல் மாம்பழத் துண்டு. மென்னோட்டு நண்டின் மேல் காரமான மயோனைஸ். நெருப்பில் லேசாக வாட்டிய சால்மன். அம்மா முதலில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த வாரம் மலாய்த் தோழி ஒருவரையும் அழைத்துவர எண்ணியிருந்தார். ஜப்பானியச் சமையலில் ‘சாக்கே’, ‘மிரின்’ என்னும் அரிசி மதுவகைகள் சேர்வது வழக்கம். ஹலால் உணவகங்கள் அவற்றை நீக்கிவிட்டு, வேறு பொருள்களைக் கொண்டு சுவை கூட்டுகின்றன.

“பச்சை மீன் வயிற்றுக்குக் கெடுதல் செய்யாதா?” என்று தாத்தா கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானதே. கடல் மீன் சிலவற்றில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும். அவற்றைக் கொல்ல, மீனைச் சுழியத்திற்குக் கீழ் 20 பாகை செல்சியசில் ஏழு நாள் உறைய வைப்பது ஒரு முறை. எனவே, சந்தையில் வாங்கிய மீனை வீட்டில் அப்படியே பச்சையாக உண்பது பாதுகாப்பானதன்று. தாத்தா தமக்குப் பொரித்த இறால் சுருளையே எடுத்துக்கொண்டார்.

புளித்த மீனின் கதை

“தாத்தா, முதன்முதலில் சுஷி இப்படி இல்லை” என்று பேத்தி தன் குறிப்பேட்டைத் திறந்தாள்.

முற்காலத்தில் மீனைக் கெடாமல் வைத்திருப்பதே நோக்கமாக இருந்தது. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் அமுக்கிப் பல மாதங்கள் வைப்பார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். பிறகு, சோற்றை வழித்துவிட்டு மீனை மட்டும் உண்பார்கள். ஜப்பானின் பிவா ஏரிப் பகுதியில் ‘ஃபுனாசுஷி’ என்ற பெயரில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. ‘சுஷி’ என்ற சொல்லின் மூலப்பொருளே ‘புளிப்பானது’ என்பதுதான்.

தாத்தா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். “அட, இது பெக்காசாம் அல்லவா!” என்றார்.

“பெக்காசாமா?”

“ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் போட்டு ஊற வைப்பார்கள். தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் எனக்கு ஒரு மலாய் நண்பர் இருந்தார். அவர் வீட்டில் செய்யும்போதெல்லாம் எனக்கும் ஒரு பங்கு வரும். எண்ணெயில் பொரித்தால் வாசம் லயம் முழுவதும் போகும்.”

பேத்தி குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மீனைச் சோற்றில் புளிக்க வைக்கும் முறை தென்கிழக்காசியாவில், நெல் விளையும் மேக்கோங் ஆற்றுப் பகுதியில் தோன்றி, சீனா வழியாக ஜப்பானை அடைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். இதை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள். ஆனால், அந்த வரியின் பொருள் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தூர தேசத்து விருந்தாளி என்று அவள் நினைத்திருந்த உணவு, இந்த வட்டாரத்துக்குத் திரும்பி வந்திருக்கும் பழைய உறவாகவும் இருக்கலாம்!

மாறியதும் மாறாததும்

ஜப்பானில் காலப்போக்கில் சுஷி விரைவு உணவாக மாறியது. சோற்றில் புளிக்காடி கலந்தால், மாதக்கணக்கில் காத்திருக்காமலே புளிப்புக் கிடைக்கும். 1820-களில் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துக் கொடுக்கும் முறையைப் பரப்பியவர் ஹனாயா யோஹெய் என்று கூறுவர்.

சோற்றைச் சுற்றியிருக்கும் ‘நோரி’ என்னும் கடற்பாசித் தாளுக்கும் ஒரு கதை உண்டு. அந்தப் பாசியின் வித்துகள் கோடையில் எங்கே இருக்கின்றன என்பது மீனவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் விளைச்சல் நிச்சயமற்றதாக இருந்தது. கேத்லீன் துரூ பேக்கர் என்னும் பிரிட்டன் அறிவியலாளர், அவை கிளிஞ்சல் ஓடுகளுக்குள் வளர்வதை 1949-இல் கண்டறிந்தார். ஜப்பானுக்கு ஒருமுறைகூடச் செல்லாத அவருக்கு, நன்றியுள்ள கடற்பாசி வளர்ப்போர் குமாமோத்தோ மாநிலத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியுள்ளனர்.

வட அமெரிக்காவுக்குச் சென்ற சுஷி மேலும் மாறியது. ‘கலிபோர்னியா சுருள்’ எனப்படும் வகையில் வெண்ணெய்ப்பழமும் நண்டும் இடம்பெற்றன. கறுப்புத் தாளைப் பார்த்துத் தயங்கியவர்களுக்காக அதை உள்ளே மறைத்து, சோற்றை வெளியே வைத்துச் சுருட்டினார்கள். இன்று ஸ்கூடாய்க் கடையில் கிடைக்கும் மாம்பழச் சுருளும் அந்த வழியில் வந்ததே.

“இத்தனை மாற்றிய பிறகு இதை உண்மையான சுஷி என்று சொல்லலாமா?” என்று பேத்தி கேட்டாள்.

தாத்தா சற்று யோசித்தார். “லக்சா ஜொகூரை எதில் செய்கிறார்கள்?”

“ஸ்பாகெட்டியில்.”

“அது இத்தாலிக்காரர்களின் மாவிழை. சுல்தான் அபு பக்கார் ஐரோப்பாவில் அதைச் சுவைத்து விரும்பியதால் இங்கு வந்தது என்று சொல்வார்கள். அதற்காக லக்சா ஜொகூர் நம்முடையது இல்லை என்று யாராவது சொல்வார்களா? மாமாக் கடை மீ கோரேங்கை எடுத்துக்கொள். மீ சீனர்களுடையது. கைப்பக்குவம் இந்திய முஸ்லிம்களுடையது. சீனாவிலும் தமிழ்நாட்டிலும் அதைப் போல ஒன்று கிடைக்காது. உணவு ஊர் மாறினால் உடை மாற்றும். ஆனால், அது எங்கிருந்து வந்தது என்று யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.”

பிறகு, கடைசிச் சுருளையும் வாயில் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழி

வீடு திரும்பும்போது பேத்தி கைப்பேசியை எடுக்கவில்லை. பள்ளியின் பெயர்ப்பலகை மீண்டும் கண்ணில் பட்டது. ‘ரினி தோட்டம்’ என்ற சொற்களை ஆறு ஆண்டுகள் அவள் சட்டைப் பையின் மேல் சின்னமாக அணிந்திருந்தாள். சுற்றிலும் மாடி வீடுகளும் கடைகளும் மட்டுமே இருக்கும் இடத்தில், பள்ளியின் பெயரில் மட்டும் ஏன் தோட்டம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“தாத்தா, தோட்டம் எங்கே இருந்தது?”

“நீ இப்போது போய்க்கொண்டிருப்பதே தோட்டத்துக்குள்தான், அம்மா” என்றார் அவர். “இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போவோம். லயத்து வாசலில் உன் பாட்டி வரக்காப்பி போட்டுக் கொடுப்பாள். ரினி என்ற பெயரும் பள்ளிக்கூடமும்தான் இப்போது மிச்சம்.”

பேத்தி எதுவும் பேசவில்லை. பிவா ஏரியைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது; ஒசாக்காவில் ஒரு கடைக்காரர் என்ன நினைத்தார் என்பதும் தெரிந்திருந்தது. தன் வீடு எழுந்து நிற்கும் மண்ணில் தன் பாட்டி எங்கே நின்று காப்பி போட்டார் என்பது மட்டும் தெரியவில்லை. பாட்டி இப்போது இல்லை. கேட்பதற்குத் தாத்தா ஒருவரே இருந்தார்.

அன்றிரவு, அவள் தன் பேச்சின் தலைப்பை மாற்றவில்லை. ஆனால், பெக்காசாமைப் பற்றி ஒரு பத்தியைச் சேர்த்தாள். பிறகு, குறிப்பேட்டில் புதிய பக்கம் ஒன்றை எடுத்து, தாத்தாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு எழுதினாள். மறுநாள் காலை, பசியாறிய பிறகு, இருவரும் நடந்தே சென்று லயம் இருந்த இடத்தைப் பார்ப்பதாக முடிவு செய்திருந்தார்கள்.

சொற்பொருள்

காம்பிர் – தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட ஒரு செடியின் சாறு
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
பெரட்டு – தோட்டத்தில் விடியற்காலையில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு
கம்பம் – மலாய்க் கிராமம்
புளிக்காடி – வினிகர்

கருத்துணர்தல்

1. முற்காலத்தில் சுஷி எந்த நோக்கத்திற்காகச் செய்யப்பட்டது?
2. பெக்காசாமுக்கும் பழைய சுஷிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. ‘உணவு ஊர் மாறினால் உடை மாற்றும்’ என்று தாத்தா கூறுவதை இரு சான்றுகளுடன் விளக்குக.
4. திரும்பும் வழியில் பேத்தி ஏன் எதுவும் பேசவில்லை? உன் கருத்தை எழுதுக.
5. உன் வட்டாரத்தில் பழைய நினைவைத் தாங்கி நிற்கும் ஓர் இடப்பெயரைத் தேர்ந்தெடு. அதைப் பற்றி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, 100 சொற்களில் எழுதுக.