கூரைப்புடவையும் ஜன்னல் வெளிச்சமும்

கேள்வி: அக்கா கல்யாணத்தில் மணப்பெண் படங்களை நானே எடுக்கப்போகிறேன். ஃபிளாஷ் போட்டால் பட்டின் ஜரிகை வெளிறிப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அசல் ஜரிகை வெள்ளி இழையில் தங்க முலாம் பூசியது. நேராக விழும் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். மணமகள் அறை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அக்காவை உட்காரவைத்து, அறை விளக்குகளை அணையுங்கள். இரண்டு நிற ஒளி கலந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சளடிக்கும். 85 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது; அகலக்கோண லென்ஸில் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும்.

அரக்குப் பட்டில் சிவப்பு சீக்கிரம் நிரம்பி நெசவே தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறைத்து, ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

நேரம்தான் பெரிய சிக்கல். கூரைப்புடவை கட்டியதும் மேடைக்கு அவசரப்படுத்துவார்கள். தாலி ஏறியபின், பந்திக்கு முன், பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். மாலை கசங்கியிருக்கும், வகிட்டில் அட்சதை ஒட்டியிருக்கும். தட்டிவிடச் சொல்லாதீர்கள், மேக்கப் கலையாத முகத்தைவிட எனக்கு அந்த முகம்தான் உசத்தி. நெற்றிச்சுட்டி நகர்ந்திருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள். அதைப் பிறகு கணினியில் திருத்துவது பெரும்பாடு.