காந்தியடிகளின் நடை

உடலை ஓம்புதல் நன்று என்பதை அறியாதார் இலர். அறிந்தவாறு நாள்தோறும் ஓம்புவாரோ மிகச் சிலர். தைத்திங்கள் முதல் நாளில் வைகறையில் துயிலெழுந்து ஓடத் தொடங்குவோர் பலர். மாசி பிறக்குமுன் அவருட் பெரும்பாலோர் மீண்டும் போர்வைக்குள் புகுந்துவிடுவர். ஒருநாள் பனி தடுக்கும். மறுநாள் தேர்வு தடுக்கும். மூன்றாம் நாள் தடுப்பதற்கு எதுவும் வேண்டியிராது. இஃது அறிவின் குறையால் நேர்வதன்று. செய்யும் செயலில் மனம் ஒட்டாமையால் நேர்வது. மனம் ஒட்டுதற்கு வழி யாது? காந்தியடிகளின் இளமை வரலாறு இதற்கு நல்ல விடை தருகின்றது.

இராஜ்கோட்டில் அடிகள் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் மேல்வகுப்பு மாணவர்க்கு உடற்பயிற்சியும் கிரிக்கெட்டும் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. இளைஞர் மோகனதாசருக்கு அவ்விரண்டும் வேம்பாய்க் கசந்தன. இயல்பான கூச்சம் ஒரு காரணம். பள்ளி விட்டதும் வீட்டிற்கு ஓடித் தந்தையார்க்குப் பணிவிடை செய்யவேண்டும் என்னும் ஆவல் மற்றொரு காரணம். ஒரு சனிக்கிழமை பள்ளி காலையிலேயே முடிந்தது. மாலை நான்கு மணிக்குப் பயிற்சிக்காக மீண்டும் செல்லவேண்டும். அவரிடம் கடிகாரம் இல்லை. வானத்தை மேகம் மூடியிருந்தமையால் பொழுது போனதும் புலப்படவில்லை. அவர் பள்ளியை அடைந்தபோது மாணவர் அனைவரும் கலைந்து போயிருந்தனர். பின்னர்த் தலைமையாசிரியர் காரணம் வினவினார். மோகனதாசர் நடந்ததை நடந்தவாறே கூறினார். ஆசிரியர் அதனை நம்பாது சிறு தண்டம் விதித்தார். தண்டம் ஓரிரண்டு அணாவே. பொய்யன் என்று கருதப்பட்டதே அவர் நெஞ்சைப் பிளந்தது. அவர் அழுதார். இறுதியில் அத்தண்டம் நீக்கப்பட்டது. தந்தையார் எழுதிய மடலின் பயனாய்ப் பயிற்சியினின்றும் விலக்குக் கிடைத்தது.

கட்டாயத்தால் கைகளை உயர்த்தச் செய்யலாம். மனத்தை உடன்படச் செய்தல் அரிது. ஆயினும் விலக்குப் பெற்றதை அடிகள் ஒருநாளும் பெருமையாகக் கருதவில்லை. உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்று அக்காலத்தில் தாம் எண்ணியது பெருந்தவறு எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

பயிற்சிக் களத்தை வெறுத்தாரேனும் அவர் தம் உடலைச் சோம்பலுக்கு ஒப்புவித்தாரல்லர். திறந்த வெளியில் நெடுந்தொலைவு நடத்தல் உடலுக்கு நலம் பயக்கும் என்று நூல்களிற் படித்தார். அஃது அவர் உள்ளத்திற்கு உகந்ததாயிற்று. நடப்பதற்குக் கருவி வேண்டா; ஆடுகளம் வேண்டா; பிறர் தம்மைப் பார்ப்பாரே என்று நாணவும் வேண்டா. கூச்சமுள்ள பிள்ளைக்கு இதனினும் பொருந்திய பயிற்சி வேறு யாது?

1888-இல் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்ற அடிகள், செலவைச் சுருக்கக் கருதி, செல்லவேண்டிய இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து சேரத்தக்கவாறு தங்குமிடம் தேடிக்கொண்டார். வண்டிக்கூலி மிஞ்சியது, நாள்தோறும் எட்டு முதல் பத்து மைல் நடையும் கிடைத்தது. இங்கிலாந்தில் தாம் நோயின்றி வாழ்ந்தமைக்கு இந்நடையே முதற்காரணம் என அவர் குறித்துள்ளார். இதில் ஒரு நுட்பம் காணத்தக்கது. அவர் பயிற்சிக்கெனத் தனிப்பொழுது தேடி அலையவில்லை. தவிர்க்க இயலாத வேறொரு தேவையோடு அதனைப் பிணைத்துவிட்டார். மனம் சோர்ந்த நாளிலும் செல்லவேண்டிய இடத்திற்குச் சென்றுதானே ஆகவேண்டும்? ஐந்து முதல் பதினேழு வயதுடையோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. பள்ளிக்கு அரைமணி விரைந்து நடந்து, அவ்வாறே மீளும் மாணவன் அவ்வுழைப்பைத் தன்னை அறியாமலே முடித்துவிடுகின்றான்.

1910-இல் தென்னாப்பிரிக்காவில் அடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அங்கே அவரோடு தமிழரும் பலர் வாழ்ந்தனர். ஜோகன்னஸ்பர்க் நகரம் அங்கிருந்து 21 மைல். பண்ணையின் வேலையாகச் செல்வோர் இரயிலில் செல்லலாம். சொந்த விருப்பத்தால் செல்வோர் கட்டுச்சோற்றுடன் நடந்தே செல்லவேண்டும் என்பது விதி. இரவு இரண்டரை மணிக்குப் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரை அடைவர். அவ்வழியை மிக விரைவாகக் கடந்தவர்க்கு நான்கு மணி பதினெட்டு நிமிடமே ஆயிற்றாம்! விதியாக வந்த நடையை அவர்கள் விளையாட்டாகவே மாற்றிக்கொண்டனர் போலும். தனியே நடப்பார்க்குத் தோன்றும் சலிப்பு, கூடி நடப்பார்க்குத் தோன்றுவதில்லை.

1930-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், அறுபது வயதான அடிகள் கையில் கோலூன்றி, 78 தொண்டர்களுடன் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். வழி ஏறக்குறைய 240 மைல். நாள்தோறும் நடந்து பழகிய அக்கால்களுக்கு அத்தொலைவு புதிதாகத் தோன்றவில்லை. பயிற்சிக் களத்திற்குச் செல்ல மனமின்றி அன்று வருந்திய பிள்ளை, ஏப்ரல் 5-ஆம் நாள் தண்டிக் கடற்கரையை நடந்தே அடைந்தார். மறுநாட் காலையில் குனிந்து ஒரு பிடி உப்பை எடுத்தார்.