தொலைவைக் கடந்த கல்வி

நுழையும்முன்

கற்க விரும்புவோர் ஆசிரியரை நாடிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. இன்று பாடம் கற்பவரின் கைப்பேசியைத் தேடி வருகிறது. பள்ளியோடு கல்வி முடிந்துவிடாமல், பணியிடத்திலும் தொடரும் காலம் இது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. அஞ்சல் அட்டை, பொறி, செயற்கைக்கோள், இணையம் எனப் பல படிகளைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு படியும் எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

அஞ்சலில் வந்த வகுப்பறை

இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு அஞ்சல் முறையில் பெருமாற்றம் ஏற்பட்டது. கடிதம் எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒரு பென்னி மட்டுமே கட்டணம் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கியிருந்த ஐசக் பிட்மன், இவ்வசதியைக் கல்விக்குப் பயன்படுத்தினார். பாடங்களை அஞ்சலில் அனுப்பினார். மாணவர்கள் பயிற்சிப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

பாடம் அஞ்சலில் சென்றது இதில் ஒரு பாதியே. மாணவர் எழுதியது ஆசிரியரிடம் வந்து, திருத்தத்துடன் மீண்டும் மாணவரைச் சேர்ந்தது மறுபாதி. அச்சிட்ட நூலும் தொலைவைக் கடக்கும்; ஆயினும், படிப்பவர் செய்த பிழையை நூல் அறியாது. பிழையைச் சுட்டும் மறுமொழி கிடைத்ததனால்தான் பிட்மனின் முயற்சி கல்வியாயிற்று. பின்வந்த தொழில்நுட்பங்களை அளந்து பார்ப்பதற்கும் இதுவே ஏற்ற அளவுகோலாகும்.

மறுமொழி தரும் பொறிகள்

வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், ஒவ்வொருவர் விடையையும் உடனே திருத்துதல் ஆசிரியருக்கு இயலாது. இக்குறையைப் பொறியால் தீர்க்க முயன்றவர் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெசி. 1920களில் அவர் அமைத்த சிறு பொறி, வினாவையும் நான்கு விடைகளையும் காட்டியது. சரியான விசையை அழுத்தினாலன்றி அடுத்த வினா தோன்றாதவாறும் அதனை இயக்க முடிந்தது.

பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியலாளர் தம் மகளின் கணக்கு வகுப்பை 1953ஆம் ஆண்டு நேரில் கண்டார். முன்னரே முடித்தவர்கள் காத்திருந்தனர், தடுமாறியவர்கள் பின்தங்கினர், தம் விடை சரியா என்பதை எவரும் உடனே அறியவில்லை. இதனைக் கண்ட அவர், பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் விடையைச் சரிபார்க்கும் கற்பித்தல் பொறியை வடிவமைத்தார். அவரவர் வேகத்தில் கற்றல் என்று இன்று நாம் கூறும் கருத்து இப்பொறியில் செயல்வடிவம் பெற்றது.

1960ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் தலைமையில் ‘பிளேட்டோ’ என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு தொடங்கியது. பாடத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்னும் தேவையினால் அக்குழு 1964இல் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தது. 1970களில் விரலால் தொட்டு விடையளிக்கும் தொடுதிரையும் அதில் இடம்பெற்றது. மாணவர்கள் ஒருவரோடொருவர் எழுத்தில் உரையாடும் வசதியும் உருவாயிற்று. கற்பிக்கவென அமைந்த கணினியில், கற்போர் துணையையும் தேடிக்கொண்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

தரையில் பறக்கக் கற்றல்

தொழிற்பயிற்சியின் வரலாறு இதற்கு இணையாக வேறொரு வழியில் வளர்ந்தது. வானூர்தி ஓட்டும் பயிற்சியில் சிறு பிழையும் உயிரைப் பறிக்கக்கூடும். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க், இசைக்கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆர்கன் என்னும் இசைக்கருவியில் காற்றைச் செலுத்தப் பயன்படும் துருத்திகளைக்கொண்டு, சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சி வானூர்தி ஒன்றை 1929இல் உருவாக்கினார். தொடக்கத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்களே அதனை வாங்கின.

1934ஆம் ஆண்டு அமெரிக்கப் படையின் வான்பிரிவு அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்றது. இருளிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமையால் விமானிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரே படை, லிங்க்கின் பொறிகள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது அப்பொறி பெருமளவில் பயன்பட்டது. பிழை செய்யலாம், ஆனால், அதற்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இப்பொறி தந்த கொடையாகும். இன்று விமானிகளும் மருத்துவர்களும் பாவனைப் பொறிகளில் பயில்வது இதன் தொடர்ச்சியே.

வானிலிருந்து வந்த பாடம்

இந்தியாவின் சிக்கல் வேறாக இருந்தது. இங்குப் பல இலட்சம் சிற்றூர்களுக்குப் பாடத்தைக் கொண்டுசேர்ப்பதே முதல் தேவை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. வேளாண்மை, உடல்நலம், பள்ளிக்கல்வி ஆகியன அவற்றில் இடம்பெற்றன. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளை இந்தியா விண்ணில் செலுத்தியது. 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இணைய வசதியில்லாத வீடுகளுக்கும் அது பாடங்களைக் கொண்டுசென்றது.

ஒளிபரப்பு ஒரே நேரத்தில் பலரைச் சென்றடையும். எனினும், பார்ப்பவர் எழுப்பும் ஐயம் திரைக்குள் சென்று சேர்வதில்லை. பரப்பு விரிந்தபோது மறுமொழி சுருங்கியது எனலாம்.

தெரிந்து கொள்வோம்

உலகெங்கும் உள்ள தமிழர் தமிழ் பயில்வதற்கென 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதுவே இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாகச் செயல்படுகிறது. பாடங்களுடன் மின்னூலகத்தையும் அது வழங்குகிறது.

இணையத்தின் வருகை

பரப்பையும் மறுமொழியையும் ஒருங்கே தரும் வாய்ப்பு இணையத்தால் பிறந்தது. 2002இல் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட ‘மூடுல்’, எந்தக் கல்வி நிறுவனமும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க கற்றல் மேலாண்மைத் தளமாகும். பாடம், ஒப்படைப்பு, தேர்வு, கலந்துரையாடல் ஆகியன அதில் ஓரிடத்தில் அமைந்தன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்பிடெல் திட்டம், பொறியியல் விரிவுரைகளை அனைவருக்கும் திறந்துவைத்தது. 2017இல் ‘ஸ்வயம்’ தளம் தொடங்கப்பட்டது.

2011ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் இலவசமாக நடத்தப்பட்டது. ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். ஆனால், அவர்களுள் சிறு பகுதியினரே இறுதிவரை பயின்றனர். பின்னர் வந்த பெருந்திரள் இணையப் பாடங்கள் பலவற்றிலும் இந்நிலையே காணப்பட்டது. கதவைத் திறந்துவைத்தல் ஒன்று. உள்ளே வந்தவரை இறுதிவரை அழைத்துச் செல்லுதல் மற்றொன்று. தாமே திட்டமிட்டுப் படிக்கும் பழக்கமுடையோர்க்கு இணையம் பெருந்துணையாயிற்று. அப்பழக்கம் வாய்க்காதவர்க்கோ, கைகொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

பணியிடத்தில் பயிற்சி

தொழில் நிறுவனங்களும் இணையவழிப் பயிற்சியை விரைந்து ஏற்றன. ஒரே பாடத்தைப் பல ஊர்களிலுள்ள பணியாளர்க்கு ஒரே நாளில் வழங்க முடிந்தது. யார் பாடத்தைத் திறந்தார், எத்தனை மணித்துளி செலவிட்டார், எவ்வளவு மதிப்பெண் பெற்றார் என்பவற்றைத் தளமே பதிவுசெய்தது. ஆனால், பதிவேட்டில் ‘முடித்தார்’ என்று இருப்பதும், பணியாளர் உண்மையில் கற்றிருப்பதும் ஒன்றாகா.

தீயணைப்புப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தீயணைப்பானின் ஊசியை இழுத்தல், குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பிடித்தல், பிடியை அழுத்துதல், இடவலமாக வீசுதல் ஆகிய நான்கு செயல்களையும் காணொலியில் சில மணித்துளிகளில் காட்டிவிடலாம். வினாக்களுக்கு முழு மதிப்பெண்ணும் பெறலாம். ஆயின், உருளையின் எடையை ஒருமுறையும் கையால் உணராதவர், புகை சூழ்ந்த வேளையில் ஊசியைத் தேடித் தடுமாறக்கூடும். காணொலி, செய்முறையை விளக்கும். பயின்ற கைகளே அதனைச் செய்யும். ஆகவே, திரையில் கற்றதைக் களத்தில் செய்துபார்க்க வாய்ப்பளிக்கும் நிறுவனமே முழுமையான பயிற்சி அளிக்கிறது. மற்றவை சான்றிதழ் மட்டுமே அளிக்கின்றன.

நன்னூல் காட்டும் கணக்கு

கற்றலின் அளவைப் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் காற்பங்கே நிரம்பும். உடன் கற்போரோடு பயில மற்றொரு காற்பங்கு சேரும். தாம் கற்றதைப் பிறர்க்கு விளக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கருத்து.

இக்கணக்கை இன்றைய திரைக்கும் பொருத்திப் பார்க்கலாம். காணொலியைக் காண்பது முதற் காற்பங்கு. அதனை எத்தனை முறை திரும்பக் கண்டாலும் அப்பங்கு பெரிதாவதில்லை. நண்பர்களோடு விவாதிப்பதும், புரியாதவருக்கு எடுத்துரைப்பதும் எஞ்சியவற்றைத் தருகின்றன. அவற்றுக்கும் இணையத்தில் இடமுண்டு. ஆனால், அவற்றைக் கற்பவரே மேற்கொள்ள வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் ஏற்கப்போகும் பணி எதுவாயினும், அதில் புதியன கற்றுக்கொண்டே இருக்க நேரும். அப்போது அருகில் ஆசிரியர் இல்லாமற் போகலாம். கேட்ட பாடத்தைச் செய்துபார்க்கவும், பிழையைச் சுட்டுவாரை நாடவும், அறிந்ததைப் பிறருக்கு உரைக்கவும் இப்போதே பழகுங்கள். தொழில்நுட்பம் பாடத்தை உங்கள் வாயில்வரை கொண்டுவந்து சேர்க்கும். அதனை அறிவாக்கிக்கொள்ளும் பணி உங்களுடையது.

கற்பவை கற்றபின்

1. இணையவழியில் நீங்கள் கற்ற பாடம் ஒன்றினை வகுப்பில் விளக்கிக் காட்டுக. விளக்கும்போது புதிதாகப் புரிந்தவற்றைப் பட்டியலிடுக.

2. உங்கள் பகுதியில் பணிபுரியும் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் தொழிலைக் கற்ற முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘திரைவழிப் பயிற்சி செய்முறைப் பயிற்சிக்கு மாற்றாகுமா?’ என்னும் பொருளில் கலந்துரையாடல் நிகழ்த்துக.