தொடாமலே சுடும் கிரகம்

வெள்ளி கிரகத்தின் தரையை மேகம் முழுதாக மூடியிருக்கிறது. அங்கே போகாமலே அதன் வெப்பநிலையை ரேடியோ தொலைநோக்கியால் எப்படி அளந்தார்கள்?

தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தொட்டா பார்க்கிறீர்கள்? கையை மேலே காட்டினாலே தெரிந்துவிடும். சூடான எந்தப் பொருளும் வெப்பக் கதிர்களோடு மெல்லிய ரேடியோ அலைகளையும் வெளிவிடுகிறது. சூடு ஏற ஏற அந்த அலையின் வலுவும் அதே விகிதத்தில் ஏறும். அளக்க வசதியான விஷயம் இதுதான்.

அகச்சிவப்புக் கதிரை வைத்துப் பார்த்தவர்களுக்கு மேகத்தின் உச்சிதான் கிடைத்தது. அது உறைநிலைக்கும் கீழே. சென்டிமீட்டர் நீள ரேடியோ அலைகளோ மேகத்தை ஊடுருவி வெளியே வந்துவிடும். 1956இல் வாஷிங்டனில், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் கூரையிலிருந்த 50 அடி ரேடியோ தொலைநோக்கித் தட்டை வானியலாளர் மேயரும் அவர் சகாக்களும் வெள்ளியை நோக்கித் திருப்பினார்கள். கிரகத்தை ஒருமுறை, பக்கத்து வெற்று வானத்தை ஒருமுறை என்று மாறி மாறி அளந்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தட்டின் பார்வைப் பரப்பில் வெள்ளி ஒரு புள்ளிதான். அதனால் அதன் வட்டு அளவைக் கொண்டு கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. விடை, சுமார் 300 டிகிரி செல்சியஸ்!

பலரால் நம்ப முடியவில்லை. சூடு தரையிலிருந்து வராமல், மேல் வளிமண்டலத்திலிருந்து வரலாமே என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். 1962இல் வெள்ளியின் அருகே பறந்த அமெரிக்க விண்கலம் மரைனர் 2, வட்டின் விளிம்பில் அலை மங்குவதைக் கண்டது; சூடு மேலடுக்கிலிருந்து வந்திருந்தால் விளிம்பு பிரகாசமாகத் தெரிந்திருக்கும். அப்படியானால் சூடு அடியில்தான். 1970இல் சோவியத்தின் வெனெரா 7 விண்கலம் தரையிறங்கி அனுப்பிய அளவு 475 டிகிரி. ஈயம் உருகும் சூடு அது.