சனிக்கிழமைச் சம்பளம் புதன்கிழமையே தீர்ந்துவிடுகிறது

கேள்வி:

நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அவர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். அவருக்கு 3,500, எனக்கு 2,200 ரூபாய் வரும். பையன் ஏழாவது, பொண்ணு நாலாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. லைன் வீட்டுக்கு வாடகை 4,500.

2022-ல் பையனுக்கு டெங்கு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்காக என் இரண்டு பவுன் செயினை வட்டிக்கடையில் 50,000-க்கு வைத்தோம். ரெண்டு வட்டி, மாசம் 1,000 கட்டுகிறோம். அதன் பிறகு இரண்டு குழு லோன் வாங்கினேன். ஒன்றுக்கு வாரம் 750, இன்னும் 40 வாரம் இருக்கிறது. இன்னொன்றுக்கு வாரம் 600, இன்னும் 32 வாரம். தெரிந்தவர் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு 40,000 வாங்கி, 14 மாசமாக 2,000 வட்டி மட்டும் போகிறது. குழுத் தவணை கட்ட முடியாமல், கணவருக்குத் தெரியாமல் 20,000 தண்டல் எடுத்தேன். கையில் கொடுத்தது 17,000. நாள் 200 கணக்கில் ஞாயிறுதோறும் 1,400 வாங்குகிறார்கள். இன்னும் 8 வாரம் பாக்கி. அது முடிவதற்குள்ளேயே புதுசு தருகிறேன் என்கிறார் தண்டல்காரர்.

எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் புதன்கிழமைக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை. போனில் ஒரு ஆப்பில் ஒரு லட்சம் உடனே தருவதாக வருகிறது. அதை வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒரே கடனாகக் கட்டலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த ஆப்பைத் தொடாதீர்கள். இறக்கி வைத்திருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும் வழி உங்களிடமே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். நான்கு வாரத்தை ஒரு மாதமாக வைத்துக்கொள்கிறேன்.

வரவு 22,800. குழு லோன் இரண்டுக்கும் 3,000, 2,400. தண்டலுக்கு 5,600. அஞ்சு வட்டிக்காரருக்கு 2,000. செயின் வட்டி 1,000. ஆக, கடனுக்கு மட்டும் 14,000 போகிறது. வாடகை 4,500 போனால் மிஞ்சுவது 4,300. நான்கு பேர் சாப்பிட, துணி துவைக்க, பஸ் ஏற, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க என எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 150 ரூபாய்தான். இதில் யார் குடும்பம் நடத்தினாலும் புதன்கிழமை கடன் கேட்கத்தான் வேண்டும். எனவே உங்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று ஒருநாளும் நினைக்காதீர்கள். ஓட்டை அடுப்படியில் இல்லை, கடன் கட்டும் வரிசையில் இருக்கிறது.

அந்த வரிசை எப்படி உருவானது என்று யோசித்துப் பாருங்கள். குழுவில் நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்ட நேரும் என்ற வெட்கம். அதற்காகத் தண்டல் எடுத்தீர்கள். தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார் என்ற பயம். அதனால் அவருக்கு முதலில் கொடுத்தீர்கள். சத்தம் போடாமல் மாதம் 2,000 வாங்கிப் போகிற அஞ்சு வட்டிக்காரர்மேல் உங்கள் பார்வையே விழவில்லை. யார் அதிகம் நெருக்குகிறாரோ அவருக்கு முதல் பணம் என்று ஆகிவிட்டது. எந்தக் கடன் அதிகம் தின்கிறதோ அதை முதலில் ஒழிப்பது என்று இந்த வரிசையை மாற்ற வேண்டும்.

எது எவ்வளவு தின்கிறது?

நம் ஊரில் 'ரெண்டு வட்டி', 'அஞ்சு வட்டி' என்பது நூறு ரூபாய்க்கு மாத வட்டி. வங்கியில் 'ஒன்பது', 'பத்து' என்பது நூறு ரூபாய்க்கு ஆண்டு வட்டி. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால்தான் உண்மை தெரியும். ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். அஞ்சு வட்டி 60 சதவீதம். குழு லோன் பெரும்பாலும் 20-லிருந்து 26 சதவீதத்துக்குள் இருக்கும். உங்கள் கடன் அட்டையில் சரியான எண் அச்சாகியிருக்கும், பாருங்கள்.

தண்டலில் வட்டி கண்ணுக்குத் தெரியாது. 17,000 கையில் வாங்கி 100 நாளில் 20,000 கட்டுகிறீர்கள். மூவாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது, முழு 17,000-மும் 100 நாள் உங்களிடம் இருக்கவில்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. அதாவது பத்து வட்டி. 'பத்து வட்டிக்குப் பணம் வேண்டுமா?' என்று கேட்டால் நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள். 'நாள் 200' என்று கேட்டதால் வாங்கிவிட்டீர்கள்.

செயினை வங்கிக்கு மாற்றுங்கள்

2022-ல் ஒரு பவுன் 40,000 ரூபாயை ஒட்டி இருந்தது. அதற்குப் பிறகு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் உங்கள் செயின் அன்றைய 50,000 கடனுக்கே, 24 சதவீத வட்டியில், இன்னும் வட்டிக்கடைப் பெட்டியில் கிடக்கிறது. பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். மதிப்பில் முக்கால் பங்கு வரை தருவது வழக்கம். உங்கள் செயினுக்கு இன்று ஒரு லட்சத்துக்கு மேல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

அதில் 90,000 மட்டும் வாங்குங்கள். 50,000 வட்டிக்கடைக்கு, 40,000 அஞ்சு வட்டிக்காரருக்கு. மதிப்பீட்டாளர் 'இன்னும் கிடைக்கும்' என்று சொன்னாலும் வேண்டாம். இந்த 90,000-க்கு வட்டி மாதம் சுமார் 750. இப்போது அந்த இரண்டு கடனுக்கும் 3,000 கொடுக்கிறீர்கள். முதல் மாதமே 2,250 ரூபாய் உங்கள் கையில் நிற்கும்.

நகையை மீட்க முதலில் 50,000 வேண்டுமே என்பீர்கள். உறவில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரே ஒரு நாள் கைமாற்றாகக் கேளுங்கள். அவரையும் கூடவே அழைத்துப் போங்கள். காலையில் செயினை மீட்டு நேராக வங்கிக்குப் போய், பணம் வந்ததும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறிடத்தில் அடகில் உள்ள நகையைத் தாங்களே மீட்டுக் கடன் தரும் நிதி நிறுவனங்களும் உண்டு. அவர்கள் வட்டி வங்கியைவிட அதிகமாக இருக்கும், கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டும் அமையாவிட்டால் தீபாவளி போனஸ் வரும் நாளை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள்.

வங்கியில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இடையிடையே அசலில் ஆயிரம், இரண்டாயிரம் கட்டலாமா? கெடு எப்போது, அதற்குள் அடைத்து முடியாவிட்டால் எப்படிப் புதுப்பிப்பது? நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு. அந்தத் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். கெடுவை விட்டுவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

அஞ்சு வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கப் போகும்போது கணவருடன் போங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டு, கையெழுத்திட்ட செக் எதுவானாலும் கையில் வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள். 'கணக்குத் தீர்ந்தது' என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். 40,000-க்கு இதுவரை 28,000 வட்டி கொடுத்திருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 'மொத்தமாகத் தருகிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

தண்டலை முன்கூட்டி அடைக்க வேண்டாம்

எல்லாரும் முதலில் இதைத்தான் அடைக்கச் சொல்வார்கள். ஆனால் தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். இன்று அடைத்தாலும் எட்டு வாரத்தில் அடைத்தாலும் நீங்கள் கொடுப்பது அதே 11,200. அவர் தள்ளுபடி தந்தாலொழிய, முன்கூட்டி அடைப்பதால் லாபம் இல்லை. எட்டு வாரம் பல்லைக் கடித்துக் கட்டி முடியுங்கள். பாதியில் 'புதுசு தருகிறேன், பழசைக் கழித்துக்கொள்கிறேன்' என்று நீட்டுவார். கையை மட்டும் நீட்டிவிடாதீர்கள். தண்டல் தொழில் ஓடுவதே அந்த இரண்டாவது கடனில்தான்.

குழு லோன் இரண்டையும் இப்போதுபோலவே வாரம் தவறாமல் கட்டுங்கள். வட்டி நடுத்தரம், பிறர் தலையில் விழக்கூடிய கடன், பதிவும் நாளை வங்கியில் தெரியும். ஆனால் மூன்றாவது குழுவில் சேராதீர்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்குக் குழுக்கடன் கொடுக்கும்போது, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. உங்களுக்கு இப்போது நூற்றுக்கு 61 போகிறது. செயினை மாற்றி, தண்டலும் முடிந்தால் 27-க்கு இறங்கிவிடும்.

எட்டு வாரத்துக்குப் பிறகு

முதல் எட்டு வாரம், கடனும் வாடகையும் போக மாதம் 6,550 மிஞ்சும். கஷ்டம்தான். ஆனால் 4,300-ல் ஓட்டியவர் நீங்கள். தண்டல் முடிந்ததும் 5,600 விடுபடும். அதை இப்படிப் பிரியுங்கள்: வீட்டுச் செலவுக்கு 2,100, செயின் அசலுக்கு 2,500, அவசரத்துக்கு 1,000. குழு லோன் ஒவ்வொன்றும் முடிய முடிய, அந்தத் தவணைப் பணத்தை அப்படியே செயின் அசலுக்குத் திருப்புங்கள். நான் போட்ட கணக்கில் 76 வாரத்தில், அதாவது ஒன்றரை ஆண்டில், செயின் உங்கள் கழுத்துக்கு வந்துவிடும். ஆர்டர் இல்லாமல் ஷிப்ட் குறையும் வாரங்களில் அசலைக் குறைத்துக் கட்டினாலும் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும்.

அவசரத்துக்கான 1,000-ஐ வீட்டில் வைக்காதீர்கள். தபால் அலுவலகத்தில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், அதில் போடுங்கள். ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்கள் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு உண்டு. அந்த ஐந்தாவது வாரத்துக்கு வாடகை இல்லை. சாப்பாடும் குழுத் தவணையும் போக மிஞ்சுவதையும் அங்கேயே போடுங்கள். உங்கள் கடன் எல்லாம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. அடுத்த காய்ச்சல் வரும்போது அந்தக் கணக்கில் 10,000 இருந்தால் தண்டல்காரரைத் தேட வேண்டியிருக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. பிடித்தால், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம் அதில் அடங்கும். கம்பெனியில் கேட்டு இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி, குடும்பத்தார் பெயர்கள் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ரேஷன் அட்டை சொந்த ஊர் முகவரியில் இருந்தால் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விலையில்லா அரிசியும், 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு பாமாயிலும் உங்கள் அடுப்படிக்கு மாதம் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தும். பொண்ணுக்குப் பள்ளியில் காலை உணவு உண்டு, இருவருக்கும் மதியச் சாப்பாடு உண்டு. அதை வாங்கிச் சாப்பிடுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

யாராவது மிரட்டினால்

குழு லோன் வசூலிப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் உங்களை அழைக்கவோ தேடி வரவோ கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்யும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வீட்டுக்கு வந்து அவமானப்படுத்தினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கடன் ஆப் ஏதாவது ஏற்கெனவே உங்கள் போன் எண்களை எடுத்து மிரட்டினால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, கணவரிடம் தண்டலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மேலே உள்ள வேலைகளில் பாதிக்கு அவர் கூட வர வேண்டும். மறைத்து வைத்த கடனுக்கு ஞாயிறுதோறும் 1,400 மட்டும் போகவில்லை, உங்கள் தூக்கமும் போகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். 'குழுப் பணம் கட்ட முடியவில்லை, பயந்து வாங்கிவிட்டேன், இப்படி அடைக்கலாம் என்று இருக்கிறது' என்று சொல்லுங்கள். கோபம் வந்தால் வரட்டும். அடைக்கிற வழியும் அதே தாளில் இருப்பதால் பேச்சு அங்கேயே நின்றுவிடாது.

அடுத்த சனிக்கிழமை சம்பளக் கவர் இரண்டையும் ஒன்றாக வைத்து, இருவரும் சேர்ந்து பிரியுங்கள். இதுவரை அதை நீங்கள் ஒருவரே பிரித்துக்கொண்டிருந்தீர்கள்.